மூன்றாம் அத்தியாயம்: முதலில் ஆர்.சி. புத்தகம், அப்புறம் வண்டி

கோபாலபுரத்தில் குடியிருந்துகொண்டு பழைய கார் வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. லாயிட்ஸ் ரோடு வழியாக ராயப்பேட்டையைத் தாண்டினால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கண்ணாடி, ரப்பர் பீடிங், சீட் ரெக்சின், ஹாரன் என்று கடைகள் வரிசையாக இருக்கின்றன. மவுண்ட் ரோட்டைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனால் புதுப்பேட்டை. அங்கே கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் மலைபோலக் கிடக்கும். நடுவே சந்துக்குச் சந்து லேத் பட்டறை. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகிப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் பழைய மெக்கானிக்குகளுக்கு அது லாயிட்ஸ் ரோடுதான். போனில் வழி சொல்லும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள், சீக்கிரம் வந்து சேர்வார்கள்.

கார்த் தொழில் இந்த ஊருக்கு நேற்று வந்ததல்ல. 1903-லேயே சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை மெட்ராஸில் செய்து ஓட்டிக் காட்டினார். நகரத்தின் எம்.சி.1 என்ற எண் துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போனது. கட்டட காண்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டியாரின் காருக்கு எம்.சி.3. 1948-ல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்ட அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. அதே ஆண்டில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸும் பிறந்தது. அதன் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம். செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அறுபது வருடத்துக் காருக்கு இந்த ஊரில் இன்றைக்கும் பிஸ்டனும் டைனமோ ஆர்மேச்சரும் பிரேக் கிட்டும் கிடைக்கின்றன என்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே இந்த அத்தியாயத்தின் கட்சி ஒன்றுதான். முதல் பழைய காரை அழகுக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். காகிதம் நேராக இருக்கிறதா, பாகமும் கைவேலையும் உங்கள் வீட்டைச் சுற்றிக் கிடைக்குமா என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அழகான கார் இரண்டாவதாக வரட்டும்.

எந்த வண்டி

கோபாலபுரத்துக்காரருக்கு நான் முதலில் சொல்வது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் வண்டலூரில் தயாரானது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம் என்றாலும், நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. நீளம் நாலு மீட்டருக்கும் குறைவு, அகலம் சுமார் ஒன்றரை மீட்டர். பழைய பங்களாவை இடித்துக் கட்டிய அடுக்ககத்தின் தரைத்தளப் பார்க்கிங்கில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சிரமமில்லாமல் நிற்கும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இன்றைய சின்னக் கார்கள்கூட இதற்குத் திணறும். கோபாலபுரத்தின் குறுக்குத் தெருக்களில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டவருக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொரு குணம் மெக்கானிக்குகளுக்குப் பிடித்தது. பானட் என்று தனியாக ஒரு மூடி கிடையாது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு கார்பரேட்டர் வேலை பார்க்கலாம். சேசிஸ் தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. அதனால் ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி வேலை செய்ய முடியும்.

இரண்டாவதாக ஃபியட் 1100, அதன் வழியில் வந்த பிரிமியர் பத்மினி. ஸ்டியரிங் பக்கத்தில் கை கியர். எடை குறைவு, என்ஜின் கெட்டி. மும்பையில் டாக்ஸியாகப் பல பத்தாண்டுகள் ஓடிய வண்டி என்பதால் பாகம் நாடெங்கும் கிடைக்கும். மூன்றாவதாக அம்பாசடர். 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே காரணத்தால் பழைய மார்க் 1, மார்க் 2 வண்டிகளில் பிற்கால அம்பாசடரின் முன்பக்கத்தையும் டேஷ்போர்டையும் மாட்டிவைத்திருப்பார்கள். எது எந்த வருடத்தது என்று கண்ணில் பதியவைத்துக்கொள்ளத் தி.நகர் ஆற்காடு தெருவில் உள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போகலாம். அவருடைய டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர் அங்கே நிற்கிறது. அனுமதி இலவசம் என்பதற்காக அவசரமாக வெளியே வராமல், கிரில், பம்பர், விளக்கு மூன்றையும் நின்று பாருங்கள்.

செவர்லே இம்பாலா, பியூக் மாதிரி அமெரிக்கக் கப்பல்களை முதல் வண்டியாக வாங்க வேண்டாம். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். வீட்டு கேட்டைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். கேட்டைக்கூட மாற்றிவிடலாம். உடைந்த பின்விளக்குக் கண்ணாடி ஒன்றுக்காக வெளிநாட்டுக்கு எழுதி, கப்பல் கூலியும் சுங்கமும் கட்டிக் காத்திருப்பதுதான் ஆளைச் சோர்வடையச் செய்யும்.

காகிதம்

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "வாங்க சார், வண்டியப் பாருங்க, பேப்பர் எல்லாம் பக்கா" என்று இழுப்பவரிடம் போக வேண்டாம். வண்டியைப் பார்த்துவிட்டால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் காகிதத்தில் இருக்கும் ஓட்டைகளுக்கு நாமே சமாதானம் சொல்ல ஆரம்பிப்போம்.

புத்தகத்தில் முதலில் உரிமையாளர் பெயர். மயிலாப்பூர், கோபாலபுரம் வீடுகளின் ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் பாதிக்கு உரிமையாளர் காலமாகியிருப்பார். மகனோ மருமகனோ விற்க முன்வருவார். அவர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் சட்டப்படி அவர் இன்னும் உரிமையாளர் அல்ல. வாரிசுச் சான்றிதழ் எடுத்து, மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடு, படிவம் 31 மூலம் ஒருவர் பெயருக்கு மாற்றிய பிறகுதான் அவர் உங்களுக்கு படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட முடியும். அமெரிக்காவில் ஒரு தங்கை இருப்பதாகப் பேச்சில் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அவருடைய கடிதம் வரும்வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, கடன் குறிப்பு. 1970-களில் வங்கிக் கடனில் வாங்கிய வண்டியின் புத்தகத்தில் அந்த வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். கடன் எப்போதோ அடைந்திருக்கும், வங்கியே வேறொன்றோடு இணைந்திருக்கும். இருந்தாலும் படிவம் 35 இல்லாமல் அந்த வரியை நீக்க மாட்டார்கள். இந்த அலைச்சல் விற்பவருடையதாக இருக்கட்டும்.

பிறகு எண்கள். சேசிஸ் எண் அடித்த தகட்டின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அந்தத் தாளையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். பழைய கையெழுத்துப் பதிவுகளில் 3, 8 ஆனதும், ஐ என்ற ஆங்கில எழுத்து 1 ஆனதும் சகஜம். ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பெயர் மாற்றம் அங்கேயே நிற்கும். என்ஜின் எண்ணும் அப்படித்தான். அம்பாசடரில் பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் மாட்டியது ஒரு காலத்தில் பரவலாக நடந்தது. புத்தகத்தில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

இனி, எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். டி.என். 01 மாதிரியான இன்றைய வரிசைக்கு முந்தைய, மூன்றெழுத்துப் பழைய எண்கள் பல இன்னும் கணினியில் ஏறாமல் இருக்கும். அதில் குற்றம் எதுவும் இல்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மூலப் புத்தகத்தைக் காட்டி ஏற்றலாம். ஆனால் அந்த வேலை விற்பவர் பெயரில், முழுப் பணம் கைமாறும் முன் முடிய வேண்டும். டெல்லியில் இருந்து சல்லிசாக வரும் வண்டி என்றால் கூடுதல் கவனம். அங்கே 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்குத் தடை உள்ளதால் பதிவே ரத்தானவை உண்டு. ரத்தான வண்டி எவ்வளவு பளபளத்தாலும் அது காயலான் கடைச் சரக்குதான்.

தனியார் காருக்கு முதல் 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. என்று பேச்சில் சொல்வது இதைத்தான். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்தியது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு இப்போது 10,000 ரூபாய். இதோடு மாநிலத்தின் பசுமை வரி தனி.

இதற்கு மாற்றாக 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு இருக்கிறது. முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நாலுசக்கர வண்டிகளுக்கு இது பொருந்தும். சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். எண்ணே இல்லாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு புது எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. கணக்குப் பார்த்தால் லாபம் போலத் தெரியும். ஆனால் இப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்குப் போய்வர மட்டும் அனுமதி. ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் காபி குடித்துவிட்டு வர நினைப்பவர் சாதாரணப் பதிவிலேயே இருப்பது நல்லது. 1930-களின் வண்டியை ஷெட்டில் வைத்து வருடத்துக்கு இரண்டு பேரணி போகிறவருக்கு விண்டேஜ் பதிவு சரி. கையில் ஓடும் ஆர்.சி. இருக்கும்போது, பெருமைக்காக அதை மாற்றிக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

தட்டிப் பார்ப்பது

சென்னையில் விற்பனைக்கு வரும் ஹெரால்டு எல்லாமே ஒரு டாக்டர் ஓட்டியதாகவே சொல்லப்படும். இந்த ஊரில் அத்தனை டாக்டர்கள் இருந்தார்களா என்பது ஒருபுறம் இருக்கட்டும். வண்டியைப் பகலில், காய்ந்த நிலையில், என்ஜின் சூடாகாமல் இருக்கும்போது பாருங்கள். போகும் முன்பே போன் செய்து "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, நான் வந்தப்புறம் பண்ணலாம்" என்று சொல்லிவிடுங்கள். போய் நின்றதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு.

கடல் காற்று அடிக்கும் ஊர் இது. என்ஜினைவிடத் தகட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். ராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரை வண்டி பார்க்க அழைத்துப் போயிருந்தேன். வண்டி இளநீலத்தில் கண்ணாடிபோல மின்னியது. "அண்ணே, பெயிண்ட் நல்லா இருக்குல்ல?" என்றேன். "பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு தம்பி. உள்ள தகடு இருக்கா பாருங்க" என்றார். துணி சுற்றிய காந்தம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, கதவின் கீழ் ஓரத்தில் வைத்தார். ஒட்டவில்லை. ஒரு சாண் மேலே வைத்தார், ஒட்டியது. இடையே இருந்தது அத்தனையும் பட்டி. விற்பவர் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

காந்தம் வைக்க வேண்டிய இடங்கள்: கதவுகளின் அடி, வாசற்படித் தகடு, சக்கர வளைவுகள், ஹெட்லைட்டைச் சுற்றி. தரை மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் கை விட்டுப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் கீழே பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கெட்டித் தகடு கணீரென்று கேட்கும், துருவேறியது சொத்தென்று கேட்கும். சீட்டு நகரும் தண்டவாளத்தின் இடுக்கில் காய்ந்த வண்டல் இருந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ முழுகிய வண்டியாக இருக்கலாம்.

ஹெரால்டில் மட்டும் பார்க்க வேண்டியவை இரண்டு. முன் சக்கரத்தின் பின்னால், ஸ்டியரிங் திரும்பும் செங்குத்துத் தண்டு கீழே ஒரு வெண்கலக் கட்டையில் மரையோடு இறங்கி நிற்கும். டிரன்னியன் என்று பெயர். அதற்குள் 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும். நம் ஊரில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, தண்ணீர் இறங்கும், தண்டின் மரை உள்ளேயே அரித்துப்போகும். ஒருநாள் சக்கரத்தைத் திருப்பும்போது தண்டு முறிந்து முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் வேகமில்லாமல் திருப்பும்போது நடப்பதால் உயிர் தப்பலாம் என்றாலும், அந்த நம்பிக்கையில் வண்டி ஓட்ட முடியாது. ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எப்படிப் பார்த்தாலும், வாங்கியவுடன் இரண்டு பக்க டிரன்னியனையும் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் போடுவது முதல் செலவாக இருக்கட்டும்.

இரண்டாவது, கிராங்க் ஷாஃப்ட். என்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே ஒருவர் கிளட்சை அழுத்தி விட, நீங்கள் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. வாஷர் மலிவு. அது கழன்று விழுந்து பிளாக்கையே தின்னவிட்டிருந்தால் மலிவு இல்லை.

ஓட்டிப் பார்க்கக் கோபாலபுரத்திலிருந்து நல்ல பாதை இருக்கிறது. குறுக்குத் தெருவில் ரிவர்ஸ், கதீட்ரல் ரோட்டில் கொஞ்சம் மூன்றாம் கியர், அப்படியே 1973-ல் கட்டிய ஜெமினி மேம்பாலம். ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்தது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, கீழே வந்ததும் மறுபடி அழுத்தி, கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை கொத்தாக வந்தால் வால்வு கைடு. தொடர்ந்து வந்தால் ரிங், போர் வேலை. இரண்டுக்கும் இந்த ஊரில் ஆள் இருக்கிறார்கள். விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

விலை எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் புத்தகம் அச்சாகி வருவதற்குள் மாறிவிடும். கணக்கு மட்டும் சொல்கிறேன். என்ஜின் வேலையின் செலவை முன்கூட்டியே மதிப்பிடலாம். தகடு வேலையை மதிப்பிட முடியாது. திறக்கத் திறக்க நீளும். குரோம் பட்டை, எம்பளம், விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி, முன் கண்ணாடி ஆகியவை குறைந்தால் அதைவிட மோசம், ஏனென்றால் அவற்றைத் தேடவே ஒரு வருடம் போகும். அழுக்காக, நின்றுபோய், ஆனால் முழுசாக இருக்கும் வண்டி, பெயிண்ட் அடித்து ஓடிக்கொண்டிருக்கும் அரைகுறை வண்டியைவிட மேல்.

புதுப்பேட்டை

புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் விவரித்தால் கிடைப்பது வேறு. "பாய், இதே மாதிரி ஒண்ணு" என்று கவுண்டரில் வைத்தால் போதும், கடைப் பையன் மூன்று சந்து தள்ளி ஒரு குடோனில் இருந்து கொண்டுவந்துவிடுவான். முதல் விலைக்குச் சிரித்துவிட்டு நிற்க வேண்டும். பாதியாகக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே அதுதான் வணக்கம். ஆனால் எல்லாவற்றையும் அங்கே வாங்கக் கூடாது. கதவு, கண்ணாடி, கிரில், ஸ்டியரிங் வீல், மீட்டர், ரிம் ஆகியவை பழையதாக இருக்கலாம். பிரேக் ரப்பர், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் மூட்டுகள், டயர் எதுவும் பழையதாக இருக்கக் கூடாது. "யூஸ் பண்ணாதது சார், கம்பெனி சீல்" என்று கொடுக்கும் முப்பது வருடத்து ரப்பர் கிட்டும் பழையதுதான், பெட்டிக்குள்ளேயே வெடித்திருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்தாறு வருடத்துக்கு மேற்பட்டதானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

கிடைக்காத பாகத்தை லேத்தில் செய்துவிடலாம். தேய்ந்த வீல் சிலிண்டருக்கு ஸ்லீவ் போடுவது, புஷ் கடைவது எல்லாம் ராயப்பேட்டைச் சந்துகளில் அரைநாள் வேலை. அளவை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஒரு நகலை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே கடைக்காரர் இருக்க வேண்டும் என்பதில்லை.

பெட்ரோல்

2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் ஈயம் இல்லாமல் மெல்லத் தேயும். அடுத்த முறை ஹெட் இறங்கும்போது கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். அதற்காக மட்டும் ஹெட்டை இறக்க வேண்டாம்.

இப்போதைய தலைவலி எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துச் சிதைக்கும். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் பேக்கிங், டேங்கிலிருந்து வரும் ஹோஸ் எல்லாவற்றையும் பதம் பார்க்கும். டேங்கின் உள்ளே படிந்திருந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். போதாக்குறைக்குக் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மாதம் நின்ற வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் சேர்ந்துவிடும். செய்ய வேண்டியது: ஹோஸ் அத்தனையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பம்ப் டயாஃப்ரமும் அதே ரகம், டேங்குக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி ஃபில்டர் ஒன்று, நிறுத்திவைக்கும் காலத்தில் டேங்கைக் காலி செய்வது. எத்தனால் கலப்பால் கலவை கொஞ்சம் நீர்த்துப்போகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஒரு சைஸ் பெரிய ஜெட். விலை உயர்ந்த அதிக ஆக்டேன் பெட்ரோல் ஹெரால்டின் குறைந்த அழுத்த என்ஜினுக்குத் தேவையில்லை. என்ஜின் ஆயில் 20டபிள்யூ-50 போதும். புதுக் கார்களுக்கான மெல்லிய ஆயில் வேண்டாம்.

ஓட்டுவது

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏழரைக்குள் ஷெட்டுக்குத் திரும்பிவிடுங்கள். லாயிட்ஸ் ரோடு, பீச், அடையாறு வரை போய்த் திரும்புவது சுகமான சுற்று. ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்குக் காமராஜர் சாலையை அடைப்பார்கள். முதல் நாள் செய்தித்தாளைப் பாருங்கள். ராதாகிருஷ்ணன் சாலையில் மெட்ரோ வேலை முடியும் வரை அந்தப் பக்கம் வேண்டாம். ஊர்ந்து போகும் நெரிசல்தான் இந்த என்ஜின்களுக்கு எமன்.

முதல் கியருக்கு சிங்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே போட வேண்டும். ஓடும்போது இரண்டாவதிலேயே சமாளியுங்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டி முன்னால் போகும் புது காரைப்போல நிற்காது. இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் ஆட்டோ ஒன்று நுழையும். மறுபடி விடுங்கள். மழைத் தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெரால்டை வளைவுக்குள் வேகமாக விட்டுவிட்டு நடுவில் திடீரென்று ஆக்சிலேட்டரை விடாதீர்கள். பின் சக்கரம் உள்ளே மடங்கி வால் பிய்த்துக்கொண்டு போகும். வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, லேசாகக் கால் வைத்தபடி கடக்க வேண்டும். ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கேசலுக்கு இந்தக் கவலை இல்லை, அதற்கு நேரான ஆக்சில்.

வெயிலில் சிக்னலில் நின்று வண்டி அணைந்துபோய், செல்ஃப் அடித்தும் எடுக்காவிட்டால் பெரும்பாலும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைப்பு. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். பேட்டரியைத் தீர்க்காதீர்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சுற்றி நின்று ஆலோசனை சொல்பவர்களில் ஒருவராவது தன் அப்பா இதே வண்டி வைத்திருந்ததாகச் சொல்வார். அவரைத் தள்ளுவதற்கு அழைக்கலாம்.

காப்பீடு, சங்கம், டிக்கி

ஐந்து ஆண்டு தாண்டிய வண்டியின் காப்பீட்டு மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வது. ஏஜெண்ட் இருபதாயிரம் என்று போட்டுக் கொண்டுவருவார். அதை ஏற்றுக்கொண்டால் விபத்துக்குப் பின் கிடைப்பதும் அதுதான். பட்டறை பில்களையும் எல்லாப் பக்கமும் எடுத்த படங்களையும் கொடுத்து, மதிப்பீட்டாளரின் சான்றோடு தொகையை ஏற்றச் சொல்லுங்கள். விண்டேஜ் என்று பதிவான தனியார் காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் போடுவார்கள்.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று இரண்டு சங்கங்கள் கண்காட்சியும் பேரணியும் நடத்துகின்றன. வாங்கும் முன்பே ஒரு கண்காட்சிக்குப் போய், நீங்கள் நினைத்திருக்கும் அதே மாடலின் உரிமையாளரிடம் மெக்கானிக்கின் போன் எண்ணைக் கேளுங்கள். தயங்காமல் கொடுப்பார்கள். கோவைக்குப் போக நேர்ந்தால் 2015-ல் திறந்த ஜீடீ கார் மியூசியத்துக்கு அரைநாள் ஒதுக்கலாம். உண்மையான பாகம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டன்சர், ரோட்டர், இரண்டு பிளக், பெட்ரோல் ஹோஸ் ஒரு முழம் கிளிப்போடு, ஃபியூஸ், ஐந்து லிட்டர் தண்ணீர், பழைய துணி, இழுக்கும் கயிறு, தீயணைப்பான். தீயணைப்பானை மட்டும் டிக்கியில் வைக்காமல் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைக்கு எட்டும்படி மாட்டுங்கள். கண்டன்சரை இரண்டாக வாங்குங்கள். இப்போது வரும் புதியவற்றில் பல, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே போய்விடுகின்றன.